வலம்புரி உப்பு

உப்பில் மூலக்கூறு கிடையாது. ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பை எடுத்து, அதில் ஒரு சோடியத்தைச் சுட்டி, இதனுடைய குளோரின் எது என்று கேட்டால் பதில் இல்லை. ஆறு குளோரின்கள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன, ஆறும் சம தூரத்தில். அந்த ஆறில் எதை எடுத்துக்கொண்டாலும் அதைச் சுற்றி ஆறு சோடியம். பாடப்புத்தகம் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதுவது கணக்குக்காக. ஜோடி என்ற அர்த்தத்தில் அல்ல. அந்த வரிசையில் பிரித்தெடுத்து 'இது ஒன்று' என்று சொல்லக்கூடியது மொத்தப் படிகம்தான். இதை 31 வருஷம் வகுப்பில் சொன்னேன். யாரும் திடுக்கிடவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கரிம உப்புகளில் விஷயம் இதைவிட ருசியானது. அங்கே முழு உருவம் கொண்ட ஒரு கரிம அயனி இருக்கிறது. அதற்கென்று முதுகெலும்பு, கைகள், முகம் எல்லாம் உண்டு. அது உலோக அயனியோடும் நீரோடும் சேர்ந்து ஓர் அடுக்கில் உட்கார வேண்டும். மூலக்கூறுக்குள் அணுக்களைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பு வலுவானது. வேதியியல் பெரும்பாலும் பேசுவது அதைப் பற்றித்தான். ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது பலவீனமானது. ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோமே, அதன் பலம் உள்பிணைப்பில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்குதான் தேறும். ஆனால் படிகம் என்ன உருவத்தில் வரும், எந்தச் சூட்டில் உருகும், நீரில் எவ்வளவு கரையும், அமுக்கினால் மின்சாரம் தருமா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பதில் இந்தப் பலவீனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சொல்லுக்குள் இருப்பதற்கு அகராதி உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருப்பதற்குக் கிடையாது. (விஞ்ஞானத்திலிருந்து இலக்கியத்துக்கு உவமை கடத்துகிறவர்கள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இந்தக் கட்டுரையில் நானும் கொஞ்சம் சரக்குக் கொண்டுவரத்தான் போகிறேன். சுங்கம் கட்டிவிட்டுக் கொண்டுவருகிறேன்.)

நான் எடுத்துக்கொள்ளும் உப்பு டார்ட்டாரிக் அமிலத்தினுடையது. நம் புளியின் புளிப்பு அதுதான். புளியம்பழச் சதையில் நூற்றுக்கு 8-லிருந்து 18 பங்கு வரை அது இருக்கும். ஐரோப்பாவில் திராட்சை மதுப் பீப்பாய்களின் உள்சுவரில் படியும் கசட்டிலிருந்து 1769-இல் ஷீலே இதைப் பிரித்தெடுத்தார். நாலு கார்பன் கொண்ட முதுகெலும்பு; இரு முனையிலும் அமிலத் தொகுதி; நடுவிலுள்ள இரண்டு கார்பனிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்ஸில். இதோடு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்தால் வருவது ரோஷெல் உப்பு. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்கரை ஊரான லா ரோஷெலில் சேனியெட் என்ற மருந்துக்காரர் இதைப் பேதி மருந்தாக விற்றார். பின்னால் இதே உப்பு கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு ஏற்ற உதவியது. 1921-இல் மின்னசோட்டாவில் ஜோசஃப் வாலசெக், காந்தப்புலத்தில் இரும்பு எப்படி நடந்துகொள்கிறதோ அப்படி மின்புலத்தில் இந்த உப்பு நடந்துகொள்கிறது என்று காட்டினார்: புலத்தை விலக்கினாலும் திசையை மறக்காமல் வைத்திருக்கிறது. அதுவும் ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரிக்கும் 24 டிகிரிக்கும் நடுவில் மட்டும். சூடேறினால் ஒழுங்கு கலையும் என்பது எங்கும் காண்பது. குளிர்ந்தாலும் கலைகிறது என்பது இந்த உப்பின் பிடிவாதம்.

என் தகப்பனார் 1964-இல் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கினார். அதன் ஊசிக்கு மேலே இருந்த சிறிய டப்பிக்குள் இந்த உப்பின் இரண்டு மெல்லிய சீவல்கள் ஒட்டப்பட்டிருந்தன. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அதிர, சீவல் முறுக்கிக்கொள்ள, முறுக்கத்துக்கு ஏற்ப மின்சாரம் பிறக்க, அது நாயனமாகக் கேட்டது. ஈரம் அதிகமானால் இந்த உப்புக் கசியும். குறைந்தால் தன் நீரையே இழந்து மாவாகும். மூன்றாவது ஐப்பசியில் பாட்டு அடைத்துக்கொண்டது. கடைக்காரர் 'கிரிஸ்டல் போயிடுச்சு' என்றார். போயிடுச்சு என்றால் எங்கே என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

1979-லிருந்து 1986 வரை சென்னையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் படிகம் வளர்த்தேன். வளர்த்தேன் என்பதுதான் சரியான வினை. நிறைவுற்ற கரைசலை 38 டிகிரியில் ஒரு தொட்டியில் வைத்து, நூலில் ஒரு விதைப் படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, நாளுக்குப் பத்தில் ஒரு டிகிரி என்று சூட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கரைசல் தன்னால் தாங்கமுடியாத அளவை மட்டும், அதுவும் மெதுவாக, விதையின் மேல் இறக்கிவைக்கும். அவசரப்பட்டால் உள்ளே பால் பூத்தாற்போல் வெண்மை விழும். நாற்பதாம் நாள் உள்ளங்கை அளவுக்கு, தண்ணீரைப் போல் தெளிவாக, ஒரு பொருள் நிற்கும். ஒரு தடவை 36-ஆம் நாள் இரவு மின்சாரம் ஐந்து மணி நேரம் போயிற்று. ஹீட்டர் நின்று தொட்டி வேகமாக ஆறியது. காலையில் வந்து பார்த்தால் தொட்டி முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு படிகங்கள், பெரியதன் முகமெல்லாம் மொய்த்துக்கொண்டு. அத்தனையும் சரியான படிகங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் அதே கோணங்கள், அதே முகங்கள். பயன்தான் இல்லை. 1980-களில் நம் பத்திரிகைகளில் வந்த கவிதைகளைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்தத் தொட்டி ஞாபகம் வரும். (சுங்கம் கட்டியாயிற்று.)

இந்த உப்பின் உள் அமைப்பை 1941-இல் பீவர்ஸும் ஹ்யூஸும் எக்ஸ் கதிர் கொண்டு கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். சைன், கோசைன் மதிப்புகளை அச்சடித்த அட்டைக் கீற்றுகளை மரப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, வரிசையாக அடுக்கி, கையால் கூட்டுவார்கள். அந்தக் கீற்றுகளைச் செய்தவர்களில் பீவர்ஸும் ஒருவர். எங்கள் ஆய்வகத்து அலமாரியிலும் அப்படி ஒரு பெட்டி கிடந்தது. நான் போனபோதே அதைத் தொடுவார் இல்லை. அவர்கள் கூட்டிக் கண்டது இது: 11.9, 14.3, 6.2 ஆங்ஸ்ட்ராம் பக்கங்கள் உள்ள ஒரு செவ்வகப் பெட்டி. அதில் நாலு டார்ட்டரேட், நாலு சோடியம், நாலு பொட்டாசியம், பதினாறு நீர். டார்ட்டரேட்டின் கார்பன்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் நெளிந்து கிடக்கின்றன. அதன் ஆக்ஸிஜன்களும் நீரின் ஆக்ஸிஜன்களும் உலோகங்களைச் சூழ்கின்றன. மிச்ச இடைவெளியை நீரும் ஹைட்ராக்ஸிலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் தைத்துவிடுகின்றன. இந்த நீர் நனைந்ததால் வந்த நீர் அல்ல. இது ஓட்டினால் கட்டிடம் விழும்.

இதில் பொட்டாசியம் உட்கார்ந்திருக்கும் ஆசனம் இருக்கிறதே, அதில்தான் என் கதை. அங்கே பொட்டாசியத்தை எழுப்பிவிட்டு அம்மோனியத்தை உட்காரவைக்கலாம். அளவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் பெட்டி அசையாது. ருபீடியத்தையும் வைக்கலாம், அப்போதும் அசையாது. மூன்றும் ஒரே கட்டிடம். பொட்டாசியம் இருந்தால் சேனியெட்டின் உப்பு. அம்மோனியம் இருந்தால் பாஸ்டரின் உப்பு. ருபீடியம் இருந்தால் பைஃபுட்டின் உப்பு. ஓர் ஆசனம் மாறியதில் விஞ்ஞான சரித்திரத்தில் மூன்று அத்தியாயம்.

பாஸ்டர் கதையை எல்லோரும் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். 1820 வாக்கில் கெஸ்ட்னர் என்பவருடைய தொழிற்சாலையில் டார்ட்டாரிக் அமிலம் காய்ச்சும்போது அதைப் போலவே இன்னொன்று தற்செயலாக வந்தது. சேர்மானம் ஒன்றே, குணம் வேறு. இப்படி, ஒரே சேர்மானத்தில் இரண்டு பொருள் இருக்கலாம் என்பதற்கே பெர்ஸீலியஸ் 1830-இல் ஒரு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஒன்று ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பியது. மற்றது திருப்பவே இல்லை. 1844-இல் மிட்ஷர்லிஷ், இரண்டின் சோடியம் அம்மோனியம் உப்புகளும் படிக உருவம், கோணம், அடர்த்தி எல்லாவற்றிலும் ஒன்றே, ஒளியைத் திருப்புவதில் மட்டும்தான் வித்தியாசம் என்று அறிவித்தார். பெரிய நிபுணரின் வார்த்தை. பாஸ்டருக்கு அது ஜீரணிக்கவில்லை. எல்லாம் ஒன்றானால் ஒன்று மட்டும் எப்படி வேறாகும்? 1848-இல் (பாரிஸில் பிப்ரவரிப் புரட்சி நடந்த வருஷம், அவருக்கு வயது 25) அந்தத் திருப்பாத உப்பைப் படிகமாக்கி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு படிகத்திலும் ஓரத்தில் ஒரு சிறு சாய்ந்த முகம். சிலவற்றில் அது வலப்பக்கம் சாய்ந்தது, சிலவற்றில் இடப்பக்கம். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இடுக்கியால் பிரித்தார். இரண்டு குவியல். தனித்தனியே கரைத்தால் ஒன்று வலம் திருப்பிற்று, மற்றது இடம். சேர்த்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்து சும்மா இருந்தது.

பாட்டுக்கிழவர் மாதிரி எல்லோரும் சிலாகிக்கும் இந்த இடத்தைவிட எனக்கு அடுத்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஒளி திருப்புவதைப் பற்றிய சாஸ்திரத்தையே உண்டாக்கிய பியோவுக்கு அப்போது 74 வயது. அவர் நம்பவில்லை. பையனை அழைத்தார். அமிலத்தைத் தானே கொடுத்தார். சோடாவையும் அம்மோனியாவையும் தானே கொடுத்தார். தன் கண்முன் கலக்கச் சொன்னார். கரைசலைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். படிகம் விழுந்ததும் திரும்பக் கூப்பிட்டு, தன் எதிரே பிரிக்கச் சொன்னார். இடது எது, வலது எது என்று சொல்லச் சொன்னார். அப்புறம் கரைசலைத் தானே செய்து, முதலில் இடதை எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். அளவெடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நிறம் மாறியதிலேயே தெரிந்துவிட்டது. கிழவர் நெகிழ்ந்துபோனார் என்று சொல்வார்கள். நெகிழ்ந்தது இருக்கட்டும். நம்பாமல் இருந்ததற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தைப் பாருங்கள். தமிழில் ஓர் இளைஞனின் முதல் தொகுதியை இப்படி நம்பாமல் வாசித்தவர்கள் எத்தனை பேர்? நாம் பாராட்டுவோம், இல்லை பேசாமல் இருப்போம்.

ஜெரால்ட் கைசன் என்ற சரித்திரக்காரர் பாஸ்டரின் நோட்டுப் புத்தகங்களைப் படித்து 1995-இல் எழுதிய நூலில், இந்தக் கண்டுபிடிப்பில் ஓகஸ்த் லோரான் என்பவருக்கு இருந்த பங்கைப் பாஸ்டர் பின்னால் குறைத்துச் சொன்னார் என்று காட்டுகிறார். இதிலும் நமக்குப் பழக்கமானதுதான் நடந்திருக்கிறது.

இன்னொன்று. பாஸ்டர் பிரித்த மாதிரி எல்லா உப்பையும் பிரிக்க முடியாது. பெரும்பாலான கலவைகளில் இடதும் வலதும் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு ஒரே படிகத்துக்குள் போய்விடும்; எதிரெதிர்க் கைகள் பொருந்தி உட்காருவது அநேகமாக நெருக்கமாகவே அமைகிறது. தன் கையோடு மட்டும் சேருவேன் என்று தனித்தனிப் படிகமாகப் பிரிகிறவை 10-இல் ஒரு பங்கு கூடத் தேறாது. டார்ட்டாரிக் அமிலமே அப்படிப் பிரியாது. இந்த சோடியம் அம்மோனியம் உப்புப் பிரிகிறது. அதுவும் ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழே மட்டும். அதற்கு மேலே போனால் இடதும் வலதும் சேர்ந்து, குறைவான நீரோடு, வேறொரு படிகமாக விழுகின்றன. முன்னே சொன்ன பலவீனமான பிணைப்புகள்தான் இங்கே தராசு முள். சில டிகிரி சூடு போதும், முள் சாய்ந்துவிடுகிறது. பாரிஸ் குளிர்ந்த ஊர். திருநெல்வேலியில் மே மாதத்தில் பாஸ்டர் உட்கார்ந்து இடுக்கியால் துழாவியிருந்தால் மிட்ஷர்லிஷ் சொன்னதே சரி என்று எழுந்து போயிருப்பார்.

சரி, இடது வலது என்று இவ்வளவு பேசியாயிற்று. எது இடது, எது வலது?

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அபூர்வம் என்று போற்றுகிற வலம்புரிச் சங்கை மேல்நாட்டுச் சங்கு நிபுணர்கள் இடம்புரி என்கிறார்கள். இருவரும் ஒரே சங்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பதா கீழே வைத்துப் பார்ப்பதா என்பதில்தான் விவகாரம். புரி மாறவில்லை, பெயர் மாறுகிறது. வேதியியலிலும் அதே கதி. கார்பனின் நாலு கைகளும் நான்முகியின் நாலு முனைகளை நோக்கி நீள்கின்றன என்று 1874-இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் சொன்ன பிறகு, இரண்டு கண்ணாடிப் பிம்பங்களையும் காகிதத்தில் வரைய முடிந்தது. ஆனால் வலம் திருப்பும் புட்டியில் இருப்பது இந்தப் படமா அந்தப் படமா என்று சொல்ல வழியில்லை. 1891-இல் எமில் ஃபிஷர் சர்க்கரைகளுக்கு அமைப்பு வரையும்போது ஒன்றை இப்படி என்று வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சரியாக இருக்க வாய்ப்புப் பாதிக்குப் பாதி. அதன்பின் ஒவ்வொரு புதுப் பொருளையும் முந்தைய பொருளோடு ஒப்பிட்டு, இது அதன் கை, அது இதன் கை என்று ஒரு மாளிகையே எழுப்பிவிட்டார்கள். மாளிகைக்குள் எல்லாம் சீர். மாளிகை முழுவதும் ஒரேயடியாகக் கண்ணாடிக்குள் இருந்தாலும் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது.

இந்தக் கதையை நான் 1987-இல் ஜங்ஷன் டீக்கடையில் ஒரு நண்பரிடம் சொன்னேன். ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கிறவர். ராத்திரி முழுவதும் ரயிலில் ஊர்ப்பெயர் வாசித்துக் கட்டுக் கட்டிவிட்டு, விடிந்து இறங்கி டீ குடித்துக்கொண்டு கவிதை பேசுவார். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற பதினைந்து இருபது பேருக்கும் தெரியும். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உங்க விமர்சனம் பூரா இதுதான் வே. அவரவிட இவரு, இவரவிட அவரு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன மேல ஒக்கார வச்சு, அவன்கிட்டருந்து எத்தன படி எறக்கம்னு எண்ணுதீரு. அந்த மொதல் ஆளு வலதுன்னு யாரு சொன்னா? நீரே வச்சுக்கிட்டது."

அவருக்கு நான் அன்று பைஃபுட்டைச் சொன்னேன்.

எக்ஸ் கதிர் படிகத்துக்குள் புகுந்து சிதறி வெளியே வந்து படத்தட்டில் புள்ளிகளாக விழுகிறது. புள்ளிகளின் பிரகாசத்தை அளந்து உள்ளே அணுக்கள் எங்கே என்று கணக்கிடுகிறோம். இதில் ஒரு குருட்டுத்தனம் உண்டு. ஒரு தளத்தில் முன்பக்கமிருந்து பட்டு வந்த புள்ளியும் பின்பக்கமிருந்து பட்டு வந்த புள்ளியும் ஒரே பிரகாசம்தான். எனவே ஓர் அமைப்பும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே படத்தைத் தருகின்றன. கதிர் நடுநிலையாக இருக்கும்வரை, அதாவது எந்த அணுவோடும் விசேஷ சம்பந்தம் இல்லாமல் எல்லாவற்றின் மேலும் ஒரேமாதிரி பட்டுச் சிதறிப்போகும்வரை, இடதையும் வலதையும் அது காணாது. எத்தனை தட்டு எடுத்தாலும், எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் காணாது.

யூட்ரெக்டில், வான்ட் ஹாஃபின் பெயரைத் தாங்கிய ஆய்வகத்தில், பைஃபுட்டும் பீர்டெமானும் வான் பொம்மலும் என்ன செய்தார்கள் என்றால், அந்த ஆசனத்தில் ருபீடியத்தை உட்காரவைத்தார்கள். ஸிர்கோனியத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கதிரின் சக்தி ருபீடியத்தின் உள் எலக்ட்ரானை உலுக்குவதற்குப் போதுமானது, சற்றே அதிகம். மற்ற அணுக்கள் கதிரை அப்படியே சிதறவிடுகின்றன. ருபீடியம் மட்டும் அதை ஒரு கணம் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தாமதித்து விடுகிறது. அந்தத் தாமதம் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கம் அது மற்ற அணுக்களிலிருந்து வரும் அலையோடு சேருகிறது, மறுபக்கம் அதற்கு எதிராக விழுகிறது. விளைவு, ஜோடிப் புள்ளிகளில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பிரகாசம். எது பிரகாசம் என்று பார்த்தால் கை தெரிந்துவிடும். 1930-இலேயே துத்தநாகக் கனிமம் ஒன்றில் காஸ்டரும் கூட்டாளிகளும் இந்த விளைவைக் காட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு மூலக்கூறின் கையைத் தீர்த்துவைத்தது இவர்கள்தான். 1951-இல் வெளியிட்டார்கள். ஃபிஷர் வைத்துக்கொண்டது சரி. மாளிகையில் ஒரு செங்கல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1956-இல், சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் இதே தாமதத்தைக் கொண்டு, தட்டில் பதியாமல் போய்விடுகிற கட்ட விவரத்தையே மீட்கலாம் என்று எழுதினார்கள். கை பார்க்கப் பயன்பட்டதை முழு உருவம் பார்க்கவும் பயன்படுத்தலாம் என்பது எளிதில் தோன்றுகிற யோசனை அல்ல.

இதை முடித்துவிட்டு, ஆகவே ஒப்பிடாமலும் ஒன்றைச் சொல்ல முடியும், ஒரு பொருள் தன்னளவில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியும், அதற்கு நடுநிலை உதவாது என்றேன். நண்பர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது சரி வே. அந்த ருபீடியம் யாரு? நீரா?"

பதில் என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் எங்களுக்குள் அது ஒரு வசனமாகவே ஆகிவிட்டது. யாராவது ஒரு விமர்சனக் கட்டுரை எழுதிவிட்டால் அவர் கேட்பார்: "ருபீடியம் இருக்கா?" இப்போது அவர் இல்லை.

அவருடைய மனைவி மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆர்.எம்.எஸ். படிவங்களின் பின்பக்கத்தில் எழுதியவை ஒரு கட்டு வேறு. எல்லாம் சேர்ந்து 214 கவிதைகள். "எல்லாத்தையும் போட்டுருங்க அண்ணாச்சி, எது நல்லது எது கெட்டதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்கள். பத்திரிகை நண்பர்கள் முப்பதுக்கு மேல் அச்சிடக் காசில்லை என்றார்கள். பிரிக்கிற வேலை எனக்கு வந்தது. பிரிப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்தவரைப் பிரிப்பது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இது அதைவிட மேல், இந்த வருஷத்தியவை அந்த வருஷத்தியவற்றைவிடக் கீழ். இரண்டு வாரத்தில் ஒரு பட்டியல் வந்தது. படித்துப் பார்த்தால் அது அவருடைய பட்டியலாக இல்லை. நாம் நாற்பது வருஷமாகக் கவிதை என்று ஒப்புக்கொண்டுவிட்ட ஒன்றுக்கு அவர் எங்கெங்கே நெருங்கி வந்தார் என்ற பட்டியலாக இருந்தது. கிழித்தேன்.

பிறகு வேறொன்று செய்தேன். ஒவ்வொரு கவிதையையும் கையால் பிரதி எடுத்தேன். எடுக்கும்போது ஓர் இடத்தில் அவருடைய சொல்லை எழுப்பிவிட்டு, அதே கனமுள்ள என் சொல் ஒன்றை உட்காரவைத்தேன். சில கவிதைகள் உடனே உடைந்தன. அவற்றில் சில வெறும் சாமர்த்தியத்தால் கட்டியவை. எல்லாமே அப்படியென்று சொல்லமாட்டேன். சில கவிதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; என் சொல் அங்கே இருப்பது மறுநாள் எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒரு முப்பத்தொன்றில், என் சொல் உட்கார்ந்தது, கவிதை அசையவில்லை, ஆனால் வாசிக்கும்போது அந்த இடத்தில் நான் கொஞ்சம் தாமதித்தேன். தாமதித்ததில் மற்றச் சொற்களெல்லாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பது தெரிந்தது. அதற்கப்புறம் அவருடைய சொல்லைத் திருப்பி உட்காரவைத்தேன். நுட்பமான வித்தியாசம்தான். சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் பலமுறை, வெவ்வேறு பொழுதில் செய்துபார்க்க வேண்டியிருந்தது. நாலு மாதம் ஆயிற்று.

இந்த முப்பத்தொன்றில் அந்த ரயில் கவிதை இல்லை. 1983-இல் வந்தது, அவர் பெயரை நமக்குத் தெரியவைத்தது, நீங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது, அவருக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் மூன்று பேர் தனித்தனியே வாசித்தது. அதை நான் பதினொரு முறை பார்த்தேன். அதன் துக்கத்தைச் சந்தோஷமாகத் திருப்பிப்போட்டு, போகிற ரயிலை வருகிற ரயிலாக்கி வாசித்தாலும் அது அதே பிரகாசத்தோடு நிற்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்று. மிக அழகான, சமச்சீரான பொருள். அவர் எழுதியதா அவருடைய கண்ணாடிப் பிம்பம் எழுதியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக ஒரு தபால் படிவத்தின் பின்னால், தேதி இல்லாமல், மனைவியின் செருப்பைத் தைக்கக் கொடுத்ததைப் பற்றி ஏழு வரி இருக்கிறது. அது சேர்ந்திருக்கிறது.

பட்டியலைக் காட்டினேன். அவர்கள் விரலால் கீழே வரை போய்விட்டு, "அண்ணாச்சி, ரயிலு இல்லியே" என்றார்கள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் செருப்புக் கவிதையைக் காட்டி, இது எந்த வருஷம் என்று தனக்குத் தெரியும் என்றார்கள். வருஷத்தைச் சொல்லவும் செய்தார்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை, அதற்கு மேலே தேதி போட அவர் விரும்பியிருந்தால் போட்டிருப்பார்.

பட்டியல் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த இதழுக்குள் எழுதலாம். வேறு கவிதை எதனோடும் ஒப்பிட்டு எழுத வேண்டாம்.